ஆடியது நாலு பேர், கால் வலித்தது ஊருக்கு

செங்காட்டுப்பாளையத்தில் யாராவது நொண்டிக்கொண்டு வந்தால் எந்தக் கால் என்றுதான் இன்றைக்கும் முதலில் பார்ப்போம். இடது கால் என்றால் எழுந்து நாற்காலி போடுவோம், டீ சொல்லுவோம், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்போம். வலது கால் என்றால் எங்கேயோ வண்டியிலிருந்து விழுந்திருக்கிறார் பாவம் என்று அவரவர் வேலையைப் பார்ப்போம். வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவதில்லை. புரியவைக்க வேண்டுமென்றால் மலர்க்கூடத்து வேன் நின்றுபோன நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மைக்செட்காரனான நான் ஆரம்பித்தால் லேசில் முடிக்கமாட்டேன் என்று ஊரே சொல்லும். ஆனால் அந்த மூன்று நாளும் சந்தைமேட்டில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தான் என்பதால் உங்களுக்கு வேறு வழியில்லை.

மலர்க்கூடம் என்பது கைகால் வராத பிள்ளைகளும் புத்தி மெல்ல நடக்கிற பிள்ளைகளும் படிக்கிற பள்ளிக்கூடம். அதன் வேனுக்கு நடுவில் தரையில் ஓர் ஓட்டை இருந்தது, அந்த ஓட்டை வழியாக ரோடு ஓடுவதைப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் சண்டை போட்டு இடம் பிடிப்பார்கள். அந்த வருஷம் கோடையில், இனி இந்த வண்டி ரோட்டில் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னதில் தப்பில்லை, வண்டி அப்படி. ஆனால் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வேறு வேன் இல்லையென்றால் அத்தனை பிள்ளைகளும் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான், ஏனென்றால் எங்கள் ஊரில் அப்பா அம்மா இருவருமே காலை எட்டரைக்கெல்லாம் பனியன் கம்பெனிக்குள் போய்விடுவார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி தாரணி, துளசிமணியின் மகள். பதினாலு வயது, சக்கர நாற்காலி, ஊரை விலைக்கு வாங்குகிற வாய். பிறந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அவளுக்கு எதுவும் தெரியாது. ஒருமுறை வேன் சைலன்சரில் கால் பட்டுத் தோல் வெந்துகொண்டிருந்தபோதுகூட அவள் டிரைவரிடம் கதை சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் மற்றவர்கள் பதறினார்கள். விடுமுறை முழுவதும் பூட்டிய லைன் வீட்டுக்குள் உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள், வேன் கதையைக் கேட்டதும் அம்மாவிடம் சொன்னாள்:

"பள்ளிக்கூடம் இல்லீன்னா நான் செவுத்துகூடப் பேச ஆரம்பிச்சிருவேன்ம்மா. செவுரு திரும்பப் பேசுச்சுன்னா நீதான் பயப்படுவ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். துளசிமணிதான் மறுநாள் கம்பெனியில் அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

துளசிமணி, சம்பூர்ணம், நசீமா, குணவதி நாலு பேரும் ஒரே கம்பெனியில் ஒரே வரிசை. துளசிமணி தைப்பாள், சம்பூர்ணம் ஓவர்லாக் அடிப்பாள், நசீமா செக்கிங், குணவதி பேக்கிங். இந்த நாலு பேர் கையையும் தாண்டாமல் ஒரு பனியன் பெட்டிக்குள் போகாது. மத்தியானம் நாலு டிபன் பாக்ஸையும் நடுவில் திறந்து வைத்து எது யாருடையது என்றே தெரியாமல் சாப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்தைமேட்டில் ஊர்ப் பெண்களோடு கும்மி பழகுவார்கள். எங்கள் பக்கத்தில் கும்மி பழகாத காலும் ஒரு காலா என்று கேட்கிற காலம் அது.

"வேனுக்குக் காசு கேட்டா யாரு குடுப்பாங்கக்கா? நூறு கேள்வி கேப்பாங்க, அம்பது ரூபா குடுப்பாங்க," என்றாள் சம்பூர்ணம்.

"சும்மா கேக்க வேண்டாங்க்கா," என்றாள் நசீமா. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சு, திங்கக்கிழமை சந்தை கூடற வரைக்கும் நிக்காம கும்மியடிப்போம். நாம படற பாட்டைப் பாத்தாவது மனசு எறங்கும்."

"மூணு ராத்திரியா? முட்டி கழண்டு போயிரும் புள்ள," என்றாள் குணவதி.

"கழண்டா நான் செக் பண்ணி உனக்கே மாட்டி உடறேன்."

பேச்சு முதலாளி குழந்தைவேல் காதுக்குப் போனது. அவர் கெட்டவர் இல்லை, எதையும் நிபந்தனை இல்லாமல் செய்யத் தெரியாதவர், அவ்வளவுதான். "திங்கக்கிழமை சந்தை விசில் ஊதற வரைக்கும் வட்டம் நிக்காம இருந்துச்சுன்னா, வேனுக்குக் குறையற காசு எவ்வளவா இருந்தாலும் நான் போடறேன். நின்னுச்சுன்னா கேக்கக்கூடாது," என்றார். ஊர் கொடுப்பதை வைத்து வேனின் பாதிதான் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் வட்டம் நிற்காமல் இருந்தால் வேன், நின்றால் தாரணிக்குச் சுவர்.

வெள்ளிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் சந்தைமேட்டின் நடுவில் ஒரு பித்தளைக் குடத்தை வைத்தார்கள். நாலு பேரும் ஒரே நிறச் சேலையில் அதைச் சுற்றி ஆட ஆரம்பித்தார்கள், குடம் எப்போதும் வலது கைப்பக்கம் இருக்கும்படி. சாப்பிடவோ மறைவுக்குப் போகவோ முறை வைத்து வெளியே வரலாம், இரண்டு பேராவது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பேச்சு. பாட்டும் வர்ணனையும் தாரணி. என்னிடமிருந்து கம்பியில்லாத மைக்கை வாங்கியவள் அதற்கப்புறம் திருப்பித் தரவேயில்லை.

"பாத்துக்கிட்டே நிக்கிற மாமா – உங்க
பாக்கெட்டுக்கும் வேர்க்கட்டுமே!
காத்துவாங்க வந்த அத்தை – உங்க
கைப்பையும்தான் பேசட்டுமே!"

இப்படிக் கூட்டத்தைப் பார்த்து நேராகப் பாடினால் யார்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. பேக்கரி மாஸ்டர் முதல் ஆளாக வந்து போட்டார், அப்புறம் நான், அப்புறம் கூட்டம். குடம் பேச ஆரம்பித்தது.

சனிக்கிழமை விடிந்தபோது ராத்திரி முழுக்க ஆடிய நாலு பேரும் இப்போதுதான் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். மூச்சு வாங்கவில்லை, கண் சிவக்கவில்லை, தூக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பேக்கரி மாஸ்டர் கட்டிலிலிருந்து எழ முடியாமல், உள்ளங்கை இரண்டும் தக்காளிபோலச் சிவந்து, இடது கெண்டைக்கால் கல்லாய் இறுகிப்போய், ராத்திரியெல்லாம் யாரோ என்னை வைத்துக் கும்மியடித்திருக்கிறார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தார். எனக்கும் அப்படித்தான். காசு போட்ட அத்தனை பேருக்கும் அப்படித்தான். ஆடுகிறவர்களுக்கு வர வேண்டிய அலுப்பு குடத்தில் விழுந்த காசைப் பிடித்துக்கொண்டு, கொடுத்தவன் வீட்டைக் கண்டுபிடித்து, கதவைத் தட்டாமல் உள்ளே போய்விட்டது. வட்டம் வலமாகச் சுற்றுவதால் வெளிப்பக்கம் இருக்கிற இடது காலுக்குத்தான் வேலை அதிகம், அதனால் ஊர் முழுக்க இடது காலே வலித்தது.

நாங்கள் இதற்கு ரொம்ப நேரமெல்லாம் ஆச்சரியப்படவில்லை. வேலை நாள், ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தால் யார் கடை திறப்பது. பேக்கரிக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடி டீ ஆற்றினார், ஒருவரும் குறை சொல்லவில்லை. மினி பஸ் கண்டக்டர் எங்கள் ஸ்டாப்பில் மட்டும் எல்லோரும் ஏறி முடிக்கிற வரை பொறுமையாக விசிலைக் கையிலேயே வைத்திருந்தார், ஏனென்றால் அவரும் போட்டிருந்தார். மருந்துக் கடையில் தைலம் தீர்ந்து, நல்லெண்ணெய் தீர்ந்து, கடைசியில் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணி ஒரு வீட்டுக்கு ஒரு கரண்டி என்று தெருவே பகிர்ந்துகொண்டது. ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தால் வலி சுத்தமாகப் போய்விடுகிறது என்பதும், மறுபடி போட்டால் மறுபடி வருகிறது என்பதும் தெரிந்த பிறகு, பயம் போய் ஊருக்கு ஒரு குஷியே வந்துவிட்டது.

விவரங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. யார் கையால் போட்டாலும் காசு யாருடையதோ வலி அவருக்குத்தான்: மனைவி அரிசி டப்பாவில் சீட்டுக்காக ஒளித்து வைத்திருந்ததை எடுத்து வந்து தன் பெயரில் மைக்கில் சொல்லிப் போட்ட ஒருவர் ஜம்மென்று வீட்டுக்கு நடந்து போக, காலைப் பிடித்துக்கொண்டு அவருக்காக வாசலிலேயே காத்திருந்தார் அந்த அம்மா. துபாயில் கிரேன் ஓட்டுகிற எங்கள் ஊர்ப் பையன் போனில் அனுப்பிய காசுக்கு அங்கேயே கால் இழுத்துக்கொண்டு, "அம்மா, ஊர்ல யாராச்சும் கும்மியடிக்கிறாங்களா?" என்று கேட்டான். தொகை பெரிதென்றால் வலியும் பெரிது என்று நினைத்தவர்களும் ஏமாந்தார்கள். கத்தை கத்தையாகப் போட்ட நூல் வியாபாரிக்குச் சுண்டுவிரல் லேசாகக் குறுகுறுத்ததோடு சரி. சந்தைமேட்டைக் கூட்டுகிற அம்மா முந்தியில் முடிந்திருந்ததை அவிழ்த்துப் போட்டதற்கு இடுப்பு வரை பிடித்துக்கொண்டது. போட்டதைப் பார்க்கவில்லை அந்த வலி, போட்டபின் கையில் என்ன மிச்சம் என்று பார்த்தது. அதனால் எவ்வளவு போட்டீங்க என்கிற கேள்வியே ஊரில் செத்துப்போனது. "எது வரைக்கும் வலிக்குதுங்க?" என்றுதான் கேட்டோம். கணுக்கால் என்றவர்கள் மெதுவான குரலில் சொன்னார்கள், முட்டிக்கு மேல் என்றவர்கள் தெருவுக்கே கேட்கச் சொன்னார்கள். கல்யாணத் தரகர் ஒருவர் இதை வைத்தே ஒரு சம்பந்தம் பேசி முடித்தார்: "தொடை வரைக்கும் வலிச்ச குடும்பமுங்க, கண்ணை மூடிட்டுப் பொண்ணு குடுக்கலாம்."

ரைஸ்மில் சென்னியப்பன் கதையை நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது கூட்டிச் சொல்லிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை அவர்தான் முன்னால் வந்து, தாரணி நீட்டிய மைக்கில் பெரிய தொகை ஒன்றைச் சொல்லி, பொன்னாடை போர்த்திக்கொண்டு, ஒட்டிய கவர் ஒன்றைக் குடத்தில் போட்டவர். சனிக்கிழமை அவரும் நொண்டிக்கொண்டுதான் வந்தார், பாவம் முகத்தைச் சுளித்து, "இடுப்பு வரைக்கும் வந்துருச்சுப்பா" என்றபடி. உள்ளங்கையும் சிவப்பாகவே இருந்தது. ஆனால் நொண்டியது வலது கால். சந்தைமேட்டில் இருந்த அத்தனை பேரும் இடது காலைத் தேய்த்துக்கொண்டே அவரைப் பார்த்தோம்.

தாரணி விடுவாளா. மைக்கிலேயே கேட்டாள்: "மாமா, நீங்க எதிர்ப்பக்கமாச் சுத்துனீங்களா?"

அவருக்கு வேர்த்தது. வேர்த்ததில் உள்ளங்கைக் குங்குமம் வேட்டியில் வழிந்தது. ஊர் சிரித்த சிரிப்பில் ஆடிக்கொண்டிருந்த நாலு பேருக்கும் தாளம் தப்பிவிட்டது. நல்லவேளை மனிதருக்கு ரோஷம் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னதைச் சொன்னபடி எடுத்து வந்து எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் போட்டார். குடத்திலிருந்து நிமிர்வதற்குள் இடது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். "வலிக்குதுப்பா, நெசமாலுமே வலிக்குதுப்பா!" என்று அவர் சந்தோஷமாகக் கத்தியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

அதே நாள் மத்தியானம்தான் பழனாத்தாள் மாட்டியது. துளசிமணி குடியிருக்கிற லைன் வீடுகளுக்கு அந்த அம்மாதான் ஓனர். காலையில் அரை மணி நேரம் மோட்டார் போட்டு வீட்டுக்கு நாலு குடம் என்று கையை நீட்டி எண்ணுகிறவர், யாருக்கும் எதற்கும் ஒரு ரூபாய் கொடுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. ஸ்பீக்கர் குழாய்க்கு ஒயரை அந்த லைன் வழியாக இழுக்கப் போன நான், பெரிய அண்டா நிறையச் சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டேன்.

"என்னுங் ஆத்தா, காலுக்கு என்னுங்?"

"மாடிப்படி எறங்கறப்ப சுளுக்கிக்கிச்சு. போ, போய் ஒயரைப் பாரு."

அந்த லைனில் மாடியே கிடையாது. கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார், ஆனாலும் சிவப்பு தெரிந்தது. எது வரை வலிக்கிறது என்று நான் கேட்கவில்லை. அண்டாவில் தண்ணீர் தொடை வரை இருந்தது. என்ன இருந்தாலும் மைக்செட்காரன் வாயை நம்பி ரகசியம் வைக்க முடியுமா, சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. குடியிருப்பவர்கள் ஆளுக்கொரு குடம் வெந்நீர் வைத்துக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள்.

ஆடுகிற நாலு பேருக்கும் இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் முழுசாகத் தெரிந்தது. கூட்டுகிற அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி போவதைப் பார்த்துத் துளசிமணிக்குத் தாளவில்லை. ஆடிக்கொண்டே, கை தட்டிக்கொண்டே, பாட்டுக்கு நடுவிலேயே பேச்சு நடந்தது.

"நிறுத்திரலாம் நசீமா. நாம வலியத் தாங்கறம்னு சொல்லித்தானே காசு கேட்டோம்? நமக்கு ஒண்ணுமே இல்ல. அவங்களையில்ல நோக வெக்கிறோம்."

"அக்கா, அவங்க காசு மட்டும் போட்டாங்கன்னு நாம நெனச்சோம்," என்றாள் நசீமா. "அவங்க முழுசாப் போட்டிருக்காங்க. வேண்டாம்னு சொல்ல நாம யாரு?"

"நிறுத்துனீங்கன்னா எனக்கு வலிச்சதெல்லாம் வீணு," என்று அந்த அம்மா அங்கிருந்தே சத்தம் போட்டார். "மூடிட்டு ஆடுங்கடி!"

வட்டம் நிற்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தபோது ஊர் நிஜமாகவே ஓய்ந்துபோனது. கொடுக்க இருந்ததைக் கொடுத்தாயிற்று, வாங்க முடிந்த வலியை வாங்கியாயிற்று, விடிந்தால் கம்பெனிக்குப் போக வேண்டும். நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனவர்கள், பிறந்ததிலிருந்து தூங்காதவர்கள் மாதிரி விழுந்து தூங்கினார்கள். நானும் ஆம்ப்ளிஃபயர் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டேன்.

அங்கேதான் எங்களுக்குக் கணக்குத் தப்பியது. தூங்கினால் வலி போய்விடும் என்று தெரிந்த எங்களுக்கு, நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கினால் அது எங்கே போகும் என்று யோசிக்கத் தெரியவில்லை.

கிழக்கு வெளுக்கும்போது தாரணியின் குரல் கேட்டுத்தான் விழித்தேன். பாட்டு இல்லை. "அம்மா! அம்மா!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்று நாள் அலுப்பும் போக வீடில்லாமல் சந்தைமேட்டுக்கே திரும்பி வந்து, யாருக்கு வர வேண்டியிருந்ததோ அவர்கள் தலையிலேயே மொத்தமாக இறங்கியிருந்தது. சம்பூர்ணம் ஏற்கெனவே தரையில் சாய்ந்திருந்தாள். என் கண்முன்னே குணவதி இரண்டு எட்டு வைத்து மூன்றாவது எட்டுக்கு உட்கார்ந்துவிட்டாள். மிச்சம் நசீமாவும் துளசிமணியும். ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, கை தட்ட முடியாமல், காலைத் தூக்காமல் தரையில் இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நசீமா வாய்விட்டு அழுதுகொண்டே சுற்றினாள். முதலாளி குழந்தைவேல் காரை ஓரமாக நிறுத்தி அதற்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முகமும் நன்றாக இல்லை. சந்தை விசிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. தக்காளி வண்டியே வரவில்லை.

சட்டைப்பையில் கிடந்ததை ஓடிப்போய்க் குடத்தில் போட்டேன். எனக்கு முட்டி மடங்கியது, அவர்களுக்கு அது நாலு சுற்றுக்கு வந்தது. காலையில் சீக்கிரம் எழுகிற பழனாத்தாள் மட்டும் வந்திருந்தார். சுருக்குப்பையை அவிழ்த்து உதறிக் காட்டினார், அதில் சாவிதான் இருந்தது.

தாரணி மடியில் மைக்கை வைத்துவிட்டு, நாற்காலிப் பைக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். விடுமுறை முழுக்கப் பிசிறு வெட்டிச் சேர்த்த கூலி. பாட்டுக் கேட்கிற ஹெட்போன் வாங்க வேண்டும் என்று அதற்குப் படம்கூடப் பார்த்து வைத்திருந்தாள். சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வட்டத்தை நோக்கிப் போனாள். மண்ணில் சக்கரம் புதைந்தது, மறுபடி தள்ளினாள். பழனாத்தாள் குறுக்கே வந்து நாற்காலிக் கையைப் பிடித்தார்.

"நீ எதுக்குச் சாமி போடற? உனக்காகத்தானே எல்லாரும் ஆடறாங்க?"

"அதுனாலதான் என்கிட்ட ஒருத்தரும் கேக்கலியா ஆத்தா?" என்றாள் தாரணி. "ஊர்ல இருக்கற அத்தனை பேர்கிட்டயும் மூணு நாளா நான்தான் மைக்குல கேட்டேன். எங்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா? எல்லாருக்கும் வலிக்குது, எனக்கு மட்டும் வலிக்கக்கூடாதா?"

அவள் கேட்டது சரி. துபாய்க்காரன் வரை கேட்ட நாங்கள், மலர்க்கூடத்துப் பிள்ளைகளிடம் மட்டும் குடத்தை நீட்டவில்லை. நீட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவேயில்லை. அதைப் பெரிய நல்ல குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அந்த நிமிஷத்தில் வெட்கமாக இருந்தது. பழனாத்தாள் நாற்காலிக்குப் பின்னால் வந்து, தானே அதைத் தள்ளிக்கொண்டு போய் வட்டத்துக்கு நடுவில் குடத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தார்.

தாரணி கவரைத் தலைகீழாகப் பிடித்து எல்லாவற்றையும் குடத்துக்குள் கொட்டினாள். கவரையும் உள்ளே போட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அவளைச் சுற்றி அம்மாவும் நசீமாவும் இழுத்து இழுத்து ஒரு சுற்று வந்தார்கள். பிறகு தாரணி குனிந்து தன் காலைப் பார்த்தாள், யாரோ கூப்பிட்டதுபோல. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள், மறுபடி காலைப் பார்த்தாள். மடியில் மைக் அணையாமல்தான் இருந்தது.

"அம்மா," என்றாள். "அம்மா, காலு வலிக்குதும்மா!"

சந்தைமேட்டில் நான் கட்டியிருந்த எட்டுக் குழாயிலும் அது கேட்டது. "இடது காலும்மா! வலிக்குதும்மா! அய்யோ, என்னமா வலிக்குது! அம்மா, இப்பிடித்தான் இருக்குமா வலி? ஆத்தா, எனக்கு வலிக்குது ஆத்தா!" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத குரலில் அவள் கத்தக் கத்த, தெருத் தெருவாகக் கதவு திறந்தது. தூங்கி எழுந்த வேஷத்தோடு ஊர் நொண்டாமல் ஓடிவந்தது.

துளசிமணிக்கு முதுகு நிமிர்ந்தது. நசீமாவின் கால் தரையை விட்டு எழும்பியது. சம்பூர்ணமும் குணவதியும், யாரோ கை கொடுத்துத் தூக்கிவிட்ட மாதிரி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வட்டத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் கொட்டியவள் அவள், அதனால் அலுப்பு மொத்தத்தையும் அவளே வாங்கிக்கொண்டாள். நடுவில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய, சிவந்த கையைத் தட்டித் தட்டி அவள் பாட, நாலு பேரும் அவளைச் சுற்றி அப்படி ஓர் ஆட்டம் ஆடினார்கள். தக்காளி வண்டி வந்தது, கீரைக்காரர்கள் வந்தார்கள், தார்ப்பாய் விரிக்க இடமில்லாமல் அவர்களும் நின்று கை தட்டினார்கள். சந்தைக் குத்தகைக்காரர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்து நிற்க, முதலாளி குழந்தைவேல்தான் காரிலிருந்து இறங்கி, "யோவ், ஊதுய்யா!" என்று கத்தினார்.

அவர் சொன்னபடி செய்தார். குறைந்த காசு முழுவதையும் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு, கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ரொம்ப நேரம் கழித்துக் கட்டைவிரல் மட்டும் லேசாக வலிப்பதாகச் சொன்னார். நாங்கள் மரியாதைக்கு ஒரு நாற்காலி போட்டோம்.

ஓட்டை இல்லாத வேன் ஒன்று ஜூனில் வந்தது. ஓட்டை இல்லை என்று பிள்ளைகள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம், தாரணி கையோடு கொண்டுபோய்விட்ட மைக்கை வாங்க லைன் வீட்டுக்குப் போனேன். மூன்று நாள் ஆடிய நாலு பேரில் மூன்று பேர் அங்கேயே தரையில் வரிசையாகப் படுத்து, அலுப்பால் இல்லை, சும்மா ஒருத்தி மேல் ஒருத்தி காலைப் போட்டுக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தாரணி கட்டிலில் சுவரில் சாய்ந்து கண்ணை அகல விரித்து வைத்திருந்தாள். தூங்கினால் வலி போய்விடும் என்று தெரிந்தவள், தூங்க மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். துளசிமணி காய்ச்சிய எண்ணெயை எடுத்துக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"எங்க கண்ணு வலிக்குது?"

"இங்க. இல்ல, கொஞ்சம் கீழ. இன்னும் கீழ. ஆ, அங்கதான்."

துளசிமணி எண்ணெயை ஊற்றி, தினமும் காலையில் கம்பெனிக்கு நேரமாகிவிட்டது என்று கழுவித் துடைக்கிற அதே வேகத்தில் அழுத்தித் தேய்த்தாள்.

"அம்மா," என்றாள் தாரணி. "மெதுவா."

துளசிமணியின் கை அப்படியே நின்றுவிட்டது. பதினாலு வருஷமாக அந்தக் கால்களைக் குளிப்பாட்டியவள், துணி மாட்டிவிட்டவள், தூக்கி வேனில் ஏற்றியவள், இறக்கியவள். எங்கே இடித்தாலும், எவ்வளவு அழுத்தினாலும், அந்தக் கால்களுக்காக ஒரு நாளும் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. தரையில் படுத்திருந்த மூவரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"சரி சாமி," என்றாள் துளசிமணி. "மெதுவா தேய்க்கிறேன். சரியா? மெதுவா."